25 நிமிடம் யாருக்கு?

ஓர் ஊர். அது பாடத்துக்காகச் சொல்லும் ஊர். அதனால் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஊர்கள் இந்தியாவில் நிறைய உண்டு.

அந்த ஊரில் மூன்று தெரு. தெருக்களைத் தாண்டினால் வயல். வயலைத் தாண்டினால் காலனி. எல்லாம் சேர்த்து 40 வீடு. தண்ணீர்த் தொட்டி மேலத் தெருவில் இருக்கிறது. அங்கே சில வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு. மற்ற இரண்டு தெருவில் தெருக்குழாய். காலனியில் ஓர் அடிபம்பு மட்டும். அதுவும் பழுது. பத்துத் தடவை அடித்தால்தான் ஒரு செம்பு தண்ணீர் வரும்.

ஒரு நாள் அந்த ஊரின் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தது.

"நமது ஊரில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர ஆகும் சராசரி நேரம் 25 நிமிடம்."

கல்வி மையத்தில் படிப்பவர்கள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். யாருடைய உதவியும் இல்லாமல் படித்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி கொஞ்ச நேரம்தான். பிறகு சச்சரவு தொடங்கியது.

"25 நிமிஷமா? எங்க வாசல்லயே குழாய் இருக்கு. 5 நிமிஷம்கூட ஆகாதே" என்றார் மேலத் தெரு அக்கா.

"போறதுக்கு மட்டுமே எனக்கு அவ்வளவு ஆகுது தாயி. வர்றப்ப இடுப்புல குடம் வேற" என்றார் காலனிப் பாட்டி.

சைக்கிள் கடைக்காரர் பலகையை மறுபடியும் பார்த்தார். "அப்ப இந்த 25 நிமிஷம் யாரோடது?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு மையத்தில் பாடம் சொல்லும் டீச்சரிடம் இந்தக் கேள்வி வந்தது. அவர் சின்னப் பெண். பாட்டிக்குப் பேத்தி வயது. "எண்ணிப் பார்த்துடலாம் பாட்டி. எண்ணினதைப் படமா வரைஞ்சா நமக்கே தெரிஞ்சுடும்" என்றார்.

எண்ணுவது எப்படி?

மறுநாளே வேலை தொடங்கியது. நான்கு பேர் நான்கு பக்கம் போனார்கள். வீட்டுக்கு இரண்டு கேள்வி. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஒரு குடம் கொண்டுவர எத்தனை நிமிடம் ஆகிறது?

இரண்டாவது கேள்விக்கு வாயால் சொன்னதை மட்டும் எழுதிக் கொள்ளவில்லை. குடத்தோடு புறப்படும்போது கைபேசியில் மணி பார்த்தார்கள். வரிசையில் நின்ற நேரமும் சேர்ந்தது. குடத்தை வீட்டில் இறக்கியதும் மறுபடி மணி பார்த்தார்கள்.

இந்தச் சிரமம் தேவைதான். "ஒரு அரை மணி ஆகும்" என்று எல்லோரும் பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே எழுதினால் எல்லா வீடும் 30-இல் வந்து நிற்கும். உண்மை அதில் இருக்காது.

எண்ணிக்கையைக் குறிக்க ஒரு பழைய வழி உண்டு. பால் ஊற்றுகிறவர்கள் சுவரில் கரிக்கோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படிக்கு ஒரு கோடு. அதே வழிதான். ஒரு வீட்டுக்கு ஒரு கோடு. நான்கு கோடு போட்ட பிறகு, ஐந்தாவது கோட்டை அந்த நான்கின் மேல் குறுக்கே போட வேண்டும். அது ஒரு கட்டு. ஒரு கட்டுக்கு 5. மூன்று கட்டும் இரண்டு கோடும் இருந்தால் 17. எண்ணும்போது இடையில் யாராவது கூப்பிட்டாலும் கணக்குத் தவறாது.

பட்டைப் படம்

முதல் கேள்விக்குக் கிடைத்த விடை இது. 8 வீட்டுக்கு வீட்டுக்குழாய். 17 வீட்டுக்குத் தெருக்குழாய். 3 வீட்டுக்கு அடிபம்பு. 12 வீட்டுக்கு வயல் கிணறு. கூட்டிப் பாருங்கள். 40 வருகிறதா? வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வீடு விட்டுப் போயிருக்கிறது. அல்லது ஒரே வீட்டை இரண்டு தடவை எழுதியிருக்கிறோம்.

இப்போது இதைப் படமாக்குவோம். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம்.

வீட்டுக்குழாய்  ■■■■■■■■  8

தெருக்குழாய்  ■■■■■■■■■■■■■■■■■  17

அடிபம்பு  ■■■  3

வயல் கிணறு  ■■■■■■■■■■■■  12

இதற்குப் பெயர் பட்டைப் படம். பள்ளிப் புத்தகத்தில் பட்டை வரைபடம் என்று இருக்கும். இங்கே பட்டைகள் படுத்திருக்கின்றன. பலகையில் வரையும்போது கீழே ஒரு கோடு போட்டு, அதன் மேல் தூண் போல நிற்க வைக்கலாம். இரண்டும் ஒன்றுதான்.

வரையும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். எல்லாப் பட்டையும் ஒரே அகலம் இருக்க வேண்டும். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிந்தும் இருந்தால் கண் ஏமாந்து போகும். தடிமனான பட்டையே பெரியது என்று தோன்றும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட வேண்டும். கீழ்க்கோடு 0 என்று இருக்க வேண்டும். இது மிகவும் முக்கியம். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

நடுவே ஏன் இடம் விடுகிறோம்? வீட்டுக்குழாய் வேறு, கிணறு வேறு. இரண்டும் தனித்தனிப் பொருள். ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்குவதில்லை. அதனால் வரிசையை மாற்றினாலும் தவறில்லை. கிணற்றை முதலில் போடலாம். பெரிய பட்டையை முதலில் வைத்து, சிறியதைக் கடைசியில் வைக்கலாம். வீட்டில் இருக்கும் ஆடு, மாடு, கோழியை எண்ணினாலும் இப்படித்தான். பெயர் சொல்லிப் பிரிக்கும் எதற்கும் பட்டைப் படம் பொருந்தும்.

இந்தியா முழுவதற்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கேட்டார்கள். குடிதண்ணீர் வீட்டு வளாகத்துக்குள் கிடைக்கிறதா, அருகில் கிடைக்கிறதா, தொலைவில் கிடைக்கிறதா? கிராமத்தில் அரை கிலோமீட்டரைத் தாண்டினால் தொலைவு என்று வைத்தார்கள். நகரத்தில் 100 மீட்டரைத் தாண்டினாலே தொலைவு.

கிராமத்தில் 100 வீட்டை எடுத்துக் கொண்டால், ஏறக்குறைய இப்படி இருந்தது.

வளாகத்துக்குள்  35

அருகில்  43

தொலைவில்  22

நகரத்தில் 100 வீட்டுக்கு:

வளாகத்துக்குள்  71

அருகில்  21

தொலைவில்  8

இந்த இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் பட்டை வரைந்து பாருங்கள். ஒரு விரற்கடைக்கு 10 வீடு என்று வைத்துக் கொள்ளலாம். கிராமத்தில் நடுப்பட்டைதான் உயரம். நகரத்தில் முதல் பட்டை மற்ற இரண்டையும் விட ஓங்கி நிற்கும். இந்தப் படத்தைப் பார்த்த சைக்கிள் கடைக்காரர், "டவுன்ல பொண்ணு கொடுக்கணும்னு ஏன் சொல்றாங்கன்னு இப்பப் புரியுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புதான். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

100-க்கு 22 என்றால் சிறிய எண் போலத் தெரியும். 2011-இல் இந்தியாவில் கிராமத்து வீடுகள் ஏறக்குறைய 17 கோடி. அதில் 100-க்கு 22 என்பது 3 கோடியே 70 லட்சம் வீடு. அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அவர் யார் என்று நமக்குத் தெரியும். பெரும்பாலும் பெண்தான்.

ஒட்டி நிற்கும் பட்டை

இப்போது இரண்டாவது கேள்வி. எத்தனை நிமிடம்?

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஒரு வீட்டில் 4 நிமிடம். ஒரு வீட்டில் 7. ஒரு வீட்டில் 43. இன்னொரு வீட்டில் 44. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டை போட்டால் பலகை போதாது. பட்டை எல்லாம் குட்டை குட்டையாக இருக்கும். ஒன்றும் விளங்காது.

"நெல்லை எப்படி அளக்கறோம்? ஒவ்வொரு மணியாவா எண்றோம்? மரக்கால்லதானே அளக்கறோம்" என்றார் பாட்டி.

பாட்டி சரியாகச் சொன்னார். நிமிடங்களையும் அப்படி அளக்கலாம். பத்துப் பத்து நிமிடமாகக் கூறு போட்டார்கள். 0 முதல் 10 வரை ஒரு கூறு. 10 முதல் 20 வரை அடுத்த கூறு. இப்படி 60 வரை ஆறு கூறு.

உடனே மேலத் தெரு அக்கா கேட்டார். "சரியா 10 நிமிஷம் ஆகுற வீட்டை எந்தக் கூறுல போடறது? முதல்லயா, ரெண்டாவதுலயா?"

நல்ல கேள்வி. எதில் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் முதலிலேயே ஒரு முடிவு எடுத்து, கடைசி வரை அப்படியே போட வேண்டும். சரியாக 10 என்றால் அடுத்த கூறு என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 20-க்கும் 30-க்கும் அதே விதி.

படம் இப்படி வந்தது.

0 – 10 நிமிடம்  ■■■■■■■■■■■■■■  14
10 – 20 நிமிடம்  ■■■■■■■■  8
20 – 30 நிமிடம்  ■■  2
30 – 40 நிமிடம்  ■  1
40 – 50 நிமிடம்  ■■■■■■■■■  9
50 – 60 நிமிடம்  ■■■■■■  6

இதில் பட்டைகளுக்கு நடுவே இடம் விடவில்லை. ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. காரணம் இருக்கிறது. 10 நிமிடம் முடிந்த இடத்தில்தான் அடுத்த பத்து தொடங்குகிறது. காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் வெற்றிடம் கிடையாது. அதனால் இங்கே வரிசையை மாற்றக் கூடாது. 40-ஐத் தூக்கி 10-க்கு முன்னால் வைத்தால் படம் கெட்டுப் போகும்.

இப்படி ஒட்டி வரையும் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்பார்கள். பெயர் கொஞ்சம் கரடுமுரடு. மையத்தில் அதை ஒட்டுப்பட்டை என்றே சொன்னார்கள். வயது, எடை, உயரம், மழை அளவு, கூலித் தொகை இவற்றையெல்லாம் ஒட்டுப்பட்டையாக வரையலாம். அளந்து சொல்லும் எதற்கும் அது பொருந்தும். தேர்வில் கேட்டால் மட்டும் புத்தகப் பெயரை எழுதிக் கொள்ளுங்கள்.

சராசரி சொல்லாத சேதி

எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் பேசியவர் சைக்கிள் கடைக்காரர்.

"இது ஒட்டகம் மாதிரி இருக்கே. ரெண்டு மேடு இருக்கு. நடுவுல பள்ளம்" என்றார்.

ஒரு மேடு 20 நிமிடத்துக்குள். இன்னொரு மேடு 40 நிமிடத்துக்கு மேல். நடுவில் இரண்டும் ஒன்றுமாக மூன்றே வீடு.

பலகையில் எழுதிய 25 நிமிடம் எப்படி வந்தது? டீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். 40 வீட்டு நிமிடங்களையும் கூட்டினால் 1000. அதை 40-ஆல் வகுத்தால் 25. கணக்கு சரி. பலகையில் எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆனால் 25 எந்தக் கூறில் வருகிறது? 20 முதல் 30 வரை. அந்தக் கூறில் எத்தனை வீடு? இரண்டு.

ஊரில் 38 வீட்டுக்குப் பொருந்தாத ஓர் எண்ணை ஊர் எண் என்று எழுதியிருக்கிறார்கள்.

சராசரி என்பது பந்தியில் பரிமாறுவது போல. எல்லோருடையதையும் ஒன்றாகக் கொட்டி, எல்லோருக்கும் சமமாக எடுத்து வைக்கிறது. தாளில்தான் சமம். இலையில் சமம் ஆகாது. 5 நிமிடத்தில் குடம் நிரப்பியவர் தன் நேரத்தைக் காலனிப் பாட்டிக்குக் கொடுக்கவில்லையே!

40 நிமிடத்துக்கு மேல் ஆகும் வீடு 9-ம் 6-ம் சேர்த்து 15. முதல் படத்தில் வயல் கிணறும் அடிபம்பும் சேர்ந்து எத்தனை? 12-ம் 3-ம் 15. காலனியில் எத்தனை வீடு? 15. மூன்று இடத்திலும் அதே 15.

பாட்டி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தன் கணக்கைச் சொன்னார். அவர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 4 நடை. ஒரு நடைக்கு 50 நிமிடம். மொத்தம் 200 நிமிடம். அதாவது 3 மணி 20 நிமிடம். மருமகள் காலையில் தண்ணீருக்குப் போய் வருவதற்குள் வேலைக்கு ஆள் எடுத்து முடிந்துவிடும். அன்று கூலி இல்லை. பேத்தி பள்ளிக்கூடத்துக்கு நேரம் தவறிப் போவாள். "25 நிமிஷம்னு எழுதிட்டா இதெல்லாம் எங்க போகும்?" என்றார்.

கூறு எவ்வளவு பெரியது?

டீச்சர் இன்னொன்றும் செய்து காட்டினார். பத்துப் பத்தாகப் பிரிக்காமல், முப்பது முப்பதாகப் பிரித்தார்.

0 – 30 நிமிடம்  24
30 – 60 நிமிடம்  16

அதே ஊர். அதே 40 வீடு. ஒட்டக முதுகு எங்கே? காணவில்லை. முதல் பட்டை உயரம், இரண்டாவது கொஞ்சம் குட்டை. பெரும்பாலான வீடுகளுக்கு அரை மணிக்குள் தண்ணீர் கிடைக்கிறது என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் பள்ளம் மறைந்துவிட்டது.

கூறு மிகச் சிறியதாக இருந்தால் படம் சிதறிப் போகும். மிகப் பெரியதாக இருந்தால் உண்மை அமுங்கிப் போகும். எது சரி என்பதற்கு ஒரே விதி இல்லை. இரண்டு மூன்று விதமாக வரைந்து பார்க்க வேண்டும். சல்லடை மாதிரிதான். கண் பெரிதாக இருந்தால் எல்லாம் விழுந்துவிடும். கண் சிறிதாக இருந்தால் எதுவும் விழாது.

கூறுகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பது நமக்கு நல்லது. ஒன்று பத்து நிமிடம், ஒன்று இருபது நிமிடம் என்று கலந்தால் படம் போடுவதற்கு வேறு கணக்கு வேண்டும். இப்போதைக்கு அது வேண்டாம்.

படம் ஏமாற்றுமா?

ஏமாற்றும். எழுத்துத் தெரியாதவரைக் காகிதத்தில் ஏமாற்றுவார்கள். எழுத்துத் தெரிந்தவரைப் படத்தில் ஏமாற்றுவார்கள்.

ஓர் ஊராட்சியில் போன வருடம் 92 குழாய் இருந்தது, இந்த வருடம் 97 குழாய் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 5 குழாய் கூடியிருக்கிறது. நல்லதுதான். இதை ஒழுங்காக 0-இலிருந்து வரைந்தால் இரண்டு பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரம் இருக்கும்.

ஆனால் சுவரொட்டியில் கீழ்க்கோட்டை 0 என்று போடாமல் 90 என்று போடுகிறார்கள். இப்போது முதல் பட்டை 2 கட்டம். இரண்டாவது பட்டை 7 கட்டம். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஒரே வருடத்தில் குழாய் மூன்றரை மடங்கு ஆகிவிட்டது என்று நினைப்பார். எண் எல்லாம் சரியாகவே அச்சாகியிருக்கும். கேட்டால், "எண்ணைப் பாருங்கள்" என்பார்கள். நம் கண் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பட்டையைப் பார்த்துவிடுகிறது.

அதனால் எந்தப் பட்டைப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அடியைப் பாருங்கள். அங்கே 0 இருக்கிறதா? பிறகுதான் மேலே போக வேண்டும். செய்தித்தாள், சோப்பு விளம்பரம், தேர்தல் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தேர்தல் நோட்டீஸுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும்.

பட்டைக்குப் பதிலாகக் குடம், மூட்டை, மனித உருவம் வரைந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு மடங்கு என்று காட்டக் குடத்தை இரண்டு மடங்கு உயரமாக வரைவார்கள். அகலமும் கூடவே இரண்டு மடங்கு ஆகிவிடும். தாளில் அந்தக் குடம் நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

எண்ணியது மட்டுமே தெரியும்

2019 ஆகஸ்டு 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிராமத்தில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுப்பது அதன் நோக்கம். அன்று கிராமங்களில் குழாய் இருந்த வீடுகள் 3 கோடியே 23 லட்சம். 2024 ஆகஸ்டில் அது 15 கோடியைத் தாண்டியது என்று அரசு தெரிவித்தது.

இதற்கு இரண்டு பட்டை வரையுங்கள். ஒரு கோடிக்கு ஒரு கட்டம். ஒன்று 3 கட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். மற்றது 15 கட்டம். அடி 0-தான். இங்கே கண்கட்டு வேலை இல்லை. ஐந்து வருடத்தில் பெரிய மாற்றம்தான்.

ஆனால் இந்தப் பட்டை எதை எண்ணியது? குழாய் இணைப்பை எண்ணியது. அந்தக் குழாயில் தினமும் தண்ணீர் வருகிறதா? எத்தனை மணி நேரம் வருகிறது? ஒரு பட்டை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்தத் திட்டத்தின்படி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் கிடைக்க வேண்டும். 15 லிட்டர் குடத்தால் அளந்தால், ஓர் ஆளுக்கு நான்கு குடத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தெருவில் வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது என்று எண்ணினால் அது வேறு படம். அதையும் யாராவது வரைய வேண்டும்.

படம் வரைந்து அதிகாரிகளிடம் கேட்பது புது வழக்கம் இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த செவிலியர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அதைச் செய்தார். 1854-இல் கிரிமியப் போரில் காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கப் போனார். காயத்தால் இறந்தவர்களை விட நோயால் இறந்தவர்களே அதிகம் என்று கண்டார். வெறும் எண்ணாகச் சொன்னால் மேலே உள்ளவர்கள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1858-இல் வண்ணப் படங்களாகப் போட்டுக் காட்டினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இங்கே இருந்த ராணுவ முகாம்களின் குடிதண்ணீர், சாக்கடை பற்றிய விவரங்களையும் வரவழைத்துப் படித்தார். அந்த விசாரணை அறிக்கை 1863-இல் வெளிவந்தது.

கிராம சபையில்

நம் ஊருக்கு வருவோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு இரண்டு படத்தையும் பெரிய தாளில் வரைந்து கொண்டு போனார்கள். யார் பேசுவது என்று ஒரே தயக்கம். கடைசியில் பாட்டியே எழுந்தார்.

"சராசரி 25 நிமிடம்தானே அம்மா. இது மோசம் இல்லையே" என்றார் வந்திருந்த அலுவலர்.

பாட்டி தாளில் விரலை வைத்தார். "இந்தாங்கய்யா உங்க 25. இங்க ரெண்டே வீடு. நாங்க இங்க இருக்கோம்" என்று விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தினார்.

அலுவலர் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். சில கேள்வி கேட்டார். எப்படி அளந்தீர்கள், எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. காலையில் அளந்தது, மாலையில் அளந்தது எல்லாம் நோட்டில் தனித்தனியாக இருந்தது.

இரண்டு தீர்மானம் எழுதினார்கள். காலனி அடிபம்பைப் பழுது பார்ப்பது ஒன்று. தொட்டியிலிருந்து காலனிக்குக் குழாய் இழுப்பது இன்னொன்று. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பாட்டி ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தானே ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

அடிபம்புக்குப் புது வாஷர் போட்டார்கள். அது மூன்று வாரத்தில் நடந்தது. குழாய் இழுக்கும் வேலைக்குப் பணம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாதாமாதம் இரண்டு பேர் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

நீங்கள் வரைய வேண்டிய படம்

அடிபம்பு சரியான பிறகு அதே 40 வீட்டில் மறுபடி நேரம் பார்த்தார்கள். இந்தத் தடவை கிடைத்த கணக்கு இது.

0 – 10 நிமிடம்  14
10 – 20 நிமிடம்  15
20 – 30 நிமிடம்  5
30 – 40 நிமிடம்  2
40 – 50 நிமிடம்  4
50 – 60 நிமிடம்  0

முதலில் கூட்டிப் பாருங்கள். 40 வருகிறதா? பிறகு ஒட்டுப்பட்டை வரையுங்கள். அடியில் 0 போட மறக்காதீர்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஒட்டக முதுகு என்ன ஆனது? எந்தப் பட்டை வளர்ந்தது? கடைசிக் கூறில் 0 என்றால் அந்த இடத்தை எப்படிக் காட்டுவீர்கள்?

நான்கு வீட்டுக்கு இன்னும் 40 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அடிபம்பு நன்றாக வேலை செய்யும்போதும் அவர்கள் வயல் கிணற்றுக்கே போகிறார்கள். ஏன் என்று படம் சொல்லாது. அந்த நான்கு வீட்டில் போய் என்ன கேட்பீர்கள்? இரண்டு கேள்வி எழுதுங்கள்.